ஒன்றும் உடையவில்லை

எங்கள் இணையதளத்தில் காலாவதியான பேக்கேஜ்களை, யார் யாரோ எழுதிவைத்த குட்டி நிரல்களை, களைந்துகொண்டிருந்தேன். எதற்கென்று தெரியாததை நீக்கிப் பார்ப்போம். எது உடைகிறதோ, அதற்குத்தான் அது தேவை.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. எழுதியவர் பெயரே இல்லை.

"தூக்குங்கக்கா, தலையா போயிடப்போகுது?" என்றான் பக்கத்து இருக்கைக்காரன், டீயை ஊதியபடி.

நீக்கினேன். தளம் சீராக ஓடியது.

"பாத்தியா, ஒண்ணும் உடையல," என்று திரும்பினேன். அவனைக் காணோம். அவன் நாற்காலியின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

"சார், இவன் எங்க?"

"யாரும்மா? அந்த சீட்டுக்கு இன்னும் ஆளே எடுக்கலையே," என்றார் மேலாளர்.

பதறிப்போய் அந்தப் பேக்கேஜை மறுபடி ஏற்றப் பார்த்தேன். அப்படியொன்று இல்லை என்றது திரை. அவன் மேசையில் டீயில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

மேலாளர் என் திரையை எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணும் உடையலல்ல? அடுத்ததத் தூக்கும்மா."