மூன்றாவது திடலில் நிற்கும் ஜீப்

நீலகிரியில் எமரால்டு ஊருக்கு மேலே அந்தக் காட்டுப் பாதை மொத்தம் மூன்றே மைல். சுற்றுலா ஜீப் போன வேகத்துக்கு நத்தைகூட முந்திப் போய்க் கூடாரம் போட்டுப் படுத்திருக்கும்.

வழியில் மூன்று கூடாரத் திடல்கள். அடுப்புக்கு மூன்று கல், குடிக்க ஓடைத் தண்ணீர், அவ்வளவுதான் வசதி. மூன்றாவது திடல், பூட்டிக் கிடந்த தேயிலை ஃபேக்டரியை ஒட்டி. அங்கே ஜீப் நின்றுவிட்டது.

"போன மாசம் எங்க ஆபீஸ்காரர் வந்தப்பவும் இதே இடத்துலதான் நின்னுச்சாம்" என்றார், கோவையிலிருந்து தனியாக வந்திருந்த வசந்த்குமார்.

"வண்டிக்கு இந்த எடம் புடிச்சுப் போச்சுங்க" என்று டிரைவர் சில்வஸ்டர் தலையைச் சொறிந்தார்.

சுற்றிலும் தோட்டத் தொழிலாளர்கள் இருந்த, இப்போது புகை எழாத லயத்து வீடுகள். ஒன்றிலிருந்து மட்டும் பழனியாண்டி என்ற பெரியவர் ஸ்பேனர் பையோடு வந்தார்.

"மறுபடியுமா?"

பானெட்டுக்குள் போன அவர் தலையும் சில்வஸ்டர் தலையும் ஒரு மணி நேரமாக வெளியே வரவில்லை. இருவர் பேச்சுச் சத்தம்தான் வந்தது.

வசந்த்குமார் பொறுமை இழந்தார். "ரெண்டு பேரும் கூட்டா? ஊட்டி போனதும் உங்க முதலாளிகிட்டச் சொல்றேன். நாளைக்கு நீங்க வண்டி எடுக்க மாட்டீங்க."

சில்வஸ்டர் அவரை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனார்.

"சார், வயரைக் கழட்டுறது நான்தானுங்க. அவரு ஃபேக்டரி ஃபிட்டர். தேயிலை வெல விழுந்து ஃபேக்டரியப் பூட்டுனதும் எல்லாரும் கீழ எறங்கிட்டாங்க. இவரு ஒத்தையாக் கெடக்கறாரு. சும்மா பாக்க வந்தா, 'எனக்கென்ன சீக்கா?'ன்னு வெரட்டுவாரு. ரிப்பேருன்னாத்தான் பேச்சே வரும். முதலாளிகிட்ட வேணாச் சொல்லிக்குங்க. அவருகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க."

டீக்குத் தண்ணீர் மொள்ள சில்வஸ்டர் ஓடைக்குப் போனார்.

வசந்த்குமார் மெல்ல பானெட் பக்கம் வந்தார். "பெரிய ரிப்பேருங்களா?"

பழனியாண்டி ஓடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரே வயருங்க. அவனே கழட்டுனது. மாட்ட அரை நிமிசம்."

"அப்புறம் ஏனுங்க ஒரு மணி நேரம்?"

"அவன் சம்சாரம் புள்ளைகளோட திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருச்சுங்க. பூட்டுன ஊட்டுக்குப் போயி யாருகிட்டப் பேசுவான்? எனக்குன்னா மேட்டுப்பாளையத்துல மக இருக்குது, வா வான்னு கூப்புட்டுக்கிட்டே இருக்குது. நானும் எறங்கிட்டா, அவன் வண்டி எங்கதாங்க போயி நிக்கும்?"