ஒரு பவுனுக்குக் குறைவு

பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில், கை கழுவும் தொட்டியின் முன் பெரியப்பா நிற்கிறார். கடிகாரம், மோதிரம் எல்லாம் கழற்றி, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினால்தான் உள்ளே விடுவார்கள். கடிகாரம் சட்டைப்பைக்குப் போய்விட்டது. மோதிரம் வர மறுக்கிறது. இருபுறமும் விரல் பிதுங்கி நிற்கிறது. பக்கத்துக் குழாயில் அக்கா நகக்கண்களைத் தேய்க்கிறாள். இருபத்துநான்கே வாரத்தில் பிறந்த அவள் மகள் பதினோரு நாளாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். இறங்கிக்கொண்டே வந்த எடை இன்று காலைதான் ஏறியிருக்கிறது. "ஆறு கிராம் கூடியிருக்கா பெரியப்பா." அவர் குழாய்ச் சத்தத்தையும் மீறிச் சிரிக்கிறார். "ஆறு கிராமா? ஒரு பவுனுக்குக்கூடத் தேறலையேம்மா! இதுக்குப் போய் ஆசைய வளத்துக்காதே. பாவம், போட்டோல மூக்கும் முழியுமா நல்லாத்தான் இருந்துச்சு."

"இருக்கா," என்கிறாள் அக்கா. காதில் விழாதவர்போல அவர் மூன்றாம் முறையாகச் சோப்பை அழுத்துகிறார். அந்த முகத்தில் கவலை இருந்து, நான்தான் பார்க்கத் தவறுகிறேனோ என்று இன்னொரு முறை தேடுகிறேன். இருக்கிறது, மோதிரத்தைப் பற்றி. நர்ஸ் கதவைப் பாதி திறந்து, "மோதிரத்தோட வரக்கூடாது சார்," என்கிறாள். அக்கா முழங்கையால் குழாயை மூடிவிட்டு, ஈரக் கைகளை நெஞ்சுக்கு நேரே உயர்த்திப் பிடிக்கிறாள். "நீங்க உங்க பவுனப் பாத்துக்குங்க பெரியப்பா. நான் என் ஆறு கிராமப் பாத்துட்டு வரேன்." கதவு மூடுகிறது. சோப்பு நுரை அவர் மணிக்கட்டில் வழிந்து சட்டைக்கைக்குள் இறங்குகிறது.