இறகு உரிக்கும் நாள்

அவள்தான் முதலில் பார்த்தாள். அவளுடைய நாற்காலி ஜன்னலுக்கு நேரே இருந்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் தண்டவாளத்தை நோக்கி வந்துகொண்டிருந்தார். டெக்சஸின் வடகாற்று மண்ணை வாரி அவர் முகத்தில் அடித்தது. அந்தக் காற்றிலும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

தொப்பியைக் கழற்றிக்கொண்டு வருகிறார் என்றால் சாவுத் தந்தி.

அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மேசைமேல் மலைபோல் வாத்து இறகின் மெல்லிய தூவி. சுற்றிலும் ஐந்து பெண்கள், தலையில் இறுக்கிக் கட்டிய துணியோடு. காம்பைப் பிடி, தூவியை உரி, காம்பைக் கீழே போடு. பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் செக் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் வீட்டில் இப்படித்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி உட்கார்ந்து இறகுப் போர்வைக்கு உரித்துக் கொடுப்பார்கள். அன்றைக்குத் தெருக்கதவு திறக்காது. தும்மக் கூடாது. பெருமூச்சுகூட ஆகாது, தூவி பறந்துவிடும்.

இன்று அவள் மகள் அல்பினாவின் போர்வை.

“மேட்டாக்கா, உங்க எமில் குளிருக்குப் பயப்படுவானா?” என்று பக்கத்து வீட்டு அனேஷ்கா கேட்டாள். “போர்வை எவ்வளவு கனம் வேணும்னு தெரிஞ்சுக்கத்தான்.”

“அவனா?” மாப்பிள்ளையின் அம்மா மேட்டா நிமிராமலே சொன்னாள். “ஜூன் மாசத்துலயே காலுறை மாட்டிக்கிட்டுத் தூங்குவான்.”

“கேட்டுக்கடி அல்பினா. போர்வைய மட்டும் நம்பி விட்டுடாத அவன.”

அல்பினா உதட்டைக் கடித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

“சிரிச்சிடாதடி! ஊதினவதான் பொறுக்கணும். கல்யாணப் பொண்ணுன்னு பாவம் பாக்க மாட்டோம்.”

ஜன்னலடியில் தண்ணீர்க் கிண்ணம் தயாராக இருந்தது. பறந்த தூவிக்குத் துடைப்பம் ஆகாது. விரலை நனைத்து ஒவ்வொன்றாக ஒற்றி எடுக்க வேண்டும்.

ஸ்டேஷன் மாஸ்டர் தண்டவாளத்தைக் கடந்து இந்தப் பக்கம் இறங்கினார்.

அந்தப் பக்கம் ஜெர்மன்காரர்கள். இந்தப் பக்கம் செக் நாட்டுக்காரர்கள். ரயில் வந்து ஊர் உண்டான நாளிலிருந்தே அப்படி. இந்தப் பக்கம் தந்தி வருகிறதென்றால் இந்தப் பக்கத்துப் பிள்ளைக்குத்தான். இந்தத் தெருவிலிருந்து போருக்குப் போனவன் ஒருவன்தான்.

வாக்லாவ். அவள் மகன்.

போர்தான் முடிந்துவிட்டதே. இரண்டு பக்கத்துக் கோயில் மணியும் சேர்ந்தடித்து ஒன்பது நாளாகிறதே.

அவள் விரல் நின்றுபோனது.

பிறகுதான் நினைவு வந்தது. மேட்டா இங்கே இருக்கிறாள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்து மேட்டா, இன்று இங்கே இருப்பது ஊருக்கே தெரியும். எமிலும் போருக்குப் போனவன்தான்.

அப்படியானால் எமிலாகவும் இருக்கலாம்.

எதிரே அல்பினா குனிந்திருந்தாள். நல்ல தூவியாகப் பார்த்துத் தனியே ஒரு சிறு குவியல் சேர்த்துக்கொண்டிருந்தாள். இருவர் தலையும் படுகிற இடத்துக்கு.

எமிலாக இருக்கட்டும்.

நினைத்துவிட்டாள். நினைத்ததைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

ஆண்டவரே, எமிலாகவே இருக்கட்டும்.

வாசல்வரை வந்த காலடிச் சத்தம் நின்றது. தயங்கியது. பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனது. ஊர்க்காரர், இறகு நாள் தெரிந்தவர். சமையலறைக் கதவு திறந்து மூடியது. அது மூடிய பிறகே உள்கதவு திறந்தது. அதுவும் மெல்ல மூடியது.

மேசையில் ஒரு தூவி அசையவில்லை.

இப்போது எல்லோரும் பார்த்தார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் முதலில் அவளைத்தான் பார்த்தார்.

அவளுக்கு மூச்சு நின்றது.

வீட்டுக்காரியிடம் உத்தரவு கேட்கும் பார்வை அது. தலையைத் தாழ்த்திவிட்டு அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு போனார். மேட்டாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

“மேட்டாம்மா,” என்றார். “நம்ம எமில்…”

மேட்டா கையிலிருந்த காம்பைக் கீழே வைக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதில் இன்னும் பாதித் தூவி பாக்கி இருந்தது.

யாரும் அழவில்லை. யாரும் அசையவில்லை.

தூவி எழும்பியது.

மேசை நடுவிலிருந்து, புகை மாதிரி, ஒரே வீச்சில். அல்பினாவின் நெற்றியில், இமையில், திறந்த வாயில் போய் ஒட்டியது.

அல்பினா உள்கதவைப் பார்த்தாள். மூடியிருந்தது. தெருக்கதவைப் பார்த்தாள். அதுவும் மூடியிருந்தது.

பிறகு மேசையைப் பார்த்தாள். குவியலில் ஒரு நீண்ட பள்ளம் விழுந்திருந்தது. தன் முன்னால் வந்து முடிந்த அந்தப் பள்ளத்தைக் கண்ணால் பின்தொடர்ந்து போனாள். அது அம்மாவின் வாய்க்கு நேரே தொடங்கியிருந்தது.

அம்மாவின் வாய் இன்னும் மூடவில்லை.

அல்பினா எழுந்தாள். மேட்டாவிடம் போகப்போகிறாள் என்று மற்றவர்கள் வழிவிட்டார்கள். அவள் ஜன்னலடிக்குப் போனாள். தண்ணீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, ஒரு சொட்டும் சிந்தாமல் கொண்டுவந்து, அம்மாவின் முன்னால் வைத்தாள்.

அம்மா விரலை நனைத்தாள்.