பிள்ளையார் முன் இரண்டு சீட்டு

பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டு மாடியில், புது சர்வர் மூன்று நாளாகச் சும்மா கிடந்தது. கம்பெனியைக் கூட்டாக நடத்தும் கணவன் மனைவிக்குள், அதில் எந்த சிஸ்டத்தைப் போடுவது என்று சண்டை. முதல் வாடிக்கையாளரின் வெப்சைட் நாளைக்கே ஏற வேண்டும்.

“விண்டோஸ் என்டி போடுவோம்லா. எல்லாருக்கும் பழகினது,” என்றான் நடேசன்.

“லினக்ஸ் இனாமாவே கிடைக்குது. வேணுங்கிற மாதிரி நாமே மாத்திக்கலாம்,” என்றாள் புனிதா.

“சரி, பிள்ளையார்கிட்ட விட்டுருவோம். நான் சீட்டு எழுதுறேன், நீ எடு.”

“ரெண்டுலயும் என்டின்னு எழுதிராதீங்க!”

“பிள்ளையார் மேல சத்தியமா எழுத மாட்டேன்.”

எழுதி மடித்து, சாமி படத்தின் முன்னால் குலுக்கிப் போட்டான். புனிதா கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தாள்.

“விண்டோஸ் என்டி! நீங்க ஜெயிச்சிட்டீங்க,” என்று சிரித்தபடி சீட்டைக் கைக்குள் கசக்கிக்கொண்டாள்.

நடேசன் திருடனுக்குத் தேள் கொட்டியது போல விழித்தான். “பொய் சொல்றே” என்று சொல்லவும் வழியில்லை. பொங்கி வந்த சிரிப்பை அடக்கவும் முடியவில்லை.

இரண்டு சீட்டிலும் அவன் எழுதியிருந்தது ‘லினக்ஸ்’.