பதினேழாவது கட்டம்

"தாளத்துல முந்தி ஓடினது நீங்கதான், நான் இல்ல" என்றாள் அக்கா, தன்னைவிட உயரமான டபுள் பாஸ் வாத்தியத்தின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

"நான் ஓடல, நீ இழுத்தே" என்றார் மாமா, டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து. "பஸ் கிளம்பினப்புறம் செருப்பு தேடுற வழக்கம் உனக்கு வீட்லயும் உண்டு."

"வீட்டுப் பேச்சு இங்க வேணாம்."

பியானோ முன் உட்கார்ந்திருந்த தம்பி இருவரையும் பார்க்காமல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தான். மரச்சாமான் கடைக்கு மேலிருந்த அந்த அறையில் ஒன்பது நாளாக இதே வழக்குதான்.

அந்த ஜாஸ் பாட்டு அப்படி. நிமிஷத்துக்கு முந்நூறு தட்டு, நாலு தட்டுக்கு ஒரு கட்டம். காலால் தாளம் போட்டால் கால் மரத்துப்போகும். மனசுக்குள் பாதி வேகத்தில் எண்ணித்தான் சமாளிக்க வேண்டும். முதல் பதினாறு கட்டம் எப்படியோ ஓடிவிடும். பதினேழில் பாட்டு சொல்லாமல் கொள்ளாமல் வேறொரு சுருதிக்குத் தாவும். அங்கேயும் கால் ஊன்றாது, அடுத்த தாவல். அந்த இடத்தில் ஒருவர் இமைப்பொழுது பிசகினாலும் மூன்று பேரும் மூன்று தெருவில் நிற்பார்கள். பிசகியது யார் என்பது பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது.

நாற்பது நாள் முன்பு புருஷனோடு கோபித்துக்கொண்டு, ஒரு பெட்டியும் பாஸுமாகத் தம்பி வீட்டுக்கு வந்தவள் அக்கா. மாமாவின் போனை எடுப்பதில்லை. எப்போதோ ஒப்புக்கொண்ட கச்சேரி நாளை மாலை இருந்ததால்தான் ஒத்திகைக்காவது வந்தாள். அது முடிந்ததும் மாமா கப்பல் ஒன்றில் வாசிக்கப் போகிறார். ஒரு வருஷம். அப்புறம் இந்த இருவரும் ஒரே அறையில் நிற்பதற்குக் காரணமே இருக்காது. தம்பிக்கு அதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

"தம்பி, நீயே சொல்லு. யார் தப்பு?"

"எனக்கு என் விரலைப் பாத்துக்கவே நேரம் பத்தலக்கா."

"மச்சான் வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்றார் மாமா. அக்கா சிரிப்பை அடக்கக் குனிந்து தந்தியைத் துடைத்தாள்.

"பதினாறு முடியறப்ப என்னைப் பாருங்க. தலையாட்டறேன்" என்றாள் கொஞ்சம் கழித்து.

"நான் பாத்துட்டுதான் இருக்கேன். நீதான் நாப்பது நாளா பாக்கல."

அக்கா பாஸைத் தூக்கி, மாமாவுக்கு நேர் எதிரே நகர்ந்து நின்றுகொண்டாள்.

"கடைசித் தடவை" என்று சொல்லி, தம்பி தாளத்தை எண்ணிக் கொடுத்தான்.

பாட்டு சீறிக்கொண்டு கிளம்பியது. அக்காவின் விரல்கள் ஒரு தட்டு விடாமல் நடந்தன. மாமாவின் குச்சி அதன்மேல் சாரல் போல விழுந்தது. பதினான்கு, பதினைந்து. அக்கா நிமிர்ந்து பார்த்தாள். மாமாவும் பார்த்தார். பதினாறு.

பதினேழில் எல்லாம் சரிந்தது.

தம்பி சண்டைக்குத் தயாராக மூச்சை இழுத்துப் பிடித்தான்.

"என் தப்பு" என்றார் மாமா.

"இல்ல, என் தப்பு" என்றாள் அக்கா, அதே மூச்சில்.

கீழே கடையில் யாரோ மேஜையை இழுக்கும் சத்தம் கேட்டது.

"காலைல இன்னொரு தடவை பாத்துடலாமா?" என்றார் மாமா. "நானே வந்து பாஸைத் தூக்கிட்டு வரேன். கப்பல்காரன்கிட்ட வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடறேன். இதைச் சரி பண்ணாம நான் எங்க போறது?"

"பத்து மணிக்கு வாங்க. சாப்பிடாம வாங்க" என்றாள் அக்கா.

தம்பி தலையைக் குனிந்தபடி பியானோவை மூடினான். ஒன்பது நாளாகப் பதினேழாவது கட்டத்தில் வேண்டுமென்றே அரைத் தட்டு பிந்தி, இவர்களை மறுநாளும் வரவழைத்துக்கொண்டிருந்தவன் அவன்தான். நாளைக்குக் கச்சேரியாயிற்றே என்று, இந்தக் கடைசித் தடவை மட்டும் அவன் ஒரு பிசகும் இல்லாமல் வாசித்திருந்தான்.