காரடியில் உடைக்காத தேங்காய்

கீர்த்திகனும் நானும் சென்ட் லோரன்டில் ஒரே கிடங்கில் பெட்டி தூக்குகிறவர்கள். லீவு நாளொன்றில் அவனுடைய புதுக் காரில் உறைந்த நீர்வீழ்ச்சி பார்க்கப் போனோம். புறப்படும்போது உடைக்க வாங்கிய தேங்காயை மறந்துவிட்டோம். அது என் பையிலேயே இருந்தது. நீர்வீழ்ச்சியடியில்தான் நினைவு வந்தது.

“இஞ்சையே உடையுங்கோ அண்ணை. பிள்ளையார் ஐஸுக்குள்ளயும் நிப்பார்,” என்று அவன் சிரித்தான்.

பனிக்கட்டியில் அடித்தேன். இரண்டாகப் பிளந்தது.

திரும்புவது சுலபம். ஓடையோடு கீழே இறங்கினால் கார் நிற்கிற இடம். இறங்கினோம். வளைவைத் தாண்டியதும் முன்னே அதே நீர்வீழ்ச்சி நின்றது. அடியில் இரண்டு தேங்காய்ப் பாதிகள்.

“வழி மாறிட்டம் போல. கெதியா வாங்கோ, பிள்ளையைக் கார்டெரியில எடுக்கவேணும்,” என்றான். வேலைக்குப் போகிறவர்கள் பகலில் பிள்ளையை விடும் காப்பகம் அது.

மறுபடி இறங்கினோம். மறுபடியும் நீர்வீழ்ச்சிதான். போனில் சிக்னல் இல்லை.

“அண்ணை, பயணம் தொடங்கிற இடத்திலயெல்லோ தேங்காய் உடைக்கிறது,” என்றான். இப்போது அவன் சிரிக்கவில்லை.

“அப்ப இதைக் காரடியில கொண்டுபோய் வைப்பம்,” என்றேன்.

பாதிகளைப் பையில் போட்டுக்கொண்டு, ஓடையை விட்டு விலகாமல் இறங்கினோம். வெளிச்சம் மங்கியது.

“பிள்ளை வாசலையே பாத்துக்கொண்டு நிக்கும்,” என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தான்.

வளைவைத் தாண்டினோம். நீர்வீழ்ச்சி நின்றது.

பையைத் திறந்தேன். தேங்காய் முழுதாக இருந்தது, குடுமியும் அப்படியே. எங்கள் போத்தல் தண்ணீர் எப்போதோ உறைந்து கட்டியாகிவிட்டது. தேங்காயை எடுத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் குலுங்கியது.