ஆமைக்கு அடுத்த படம்

அபிதா அந்தமான் கடலுக்குள் முக்குளித்து மீன்களையும் ஆமைகளையும் படமெடுப்பவள். அவளுடைய தம்பி சூரியபிரகாஷைப் பெரியாற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போய் ஒரு வருடம் ஆகிறது. உடல் கிடைக்கவில்லை. வருட நினைவு நாளுக்காகச் சொந்த ஊரான கம்பத்துக்கு வந்தவள், அம்மா முத்துப்பேச்சியின் மனம் கொஞ்சம் மாறட்டும் என்று லேப்டாப்பில் படங்களைக் காட்டினாள்.

“மீனு பூராம் பூ மாதிரில்ல இருக்கு!” என்றாள் அம்மா.

பவளப்பாறை வந்தது. ஆமை வந்தது. அதற்கு அடுத்த படத்தில் அபிதாவே இருந்தாள். அதே ஆமையைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். இருந்தது ஒரே கேமரா. அன்று முழுக்க அது அவள் கையை விட்டு இறங்கவில்லை. படத்தின் ஓரத்தில் மங்கலாக ஒரு கட்டைவிரல் விழுந்திருந்தது.

“எப்பயும் இவன் இப்படித்தான்டி, வெரல விட்டுக்கிட்டே எடுப்பான்” என்று அம்மா சிரித்தாள். பிறகு திரையருகே குனிந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

“தோலெல்லாம் ஊறிச் சுருங்கிப்போச்சே. எம்புட்டு நேரமா ஆத்தா இவன் தண்ணிக்குள்ளயே கெடக்கான்?”

அம்மா எழுந்து போய்க் கொடியில் காய்ந்த துண்டை எடுத்துவந்தாள். அதை மடியில் விரித்துவைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.